நாயின் தகாத தீனியும் வீட்டார் செய்யவேண்டியனவும்

மலைநாட்டில் மரக்கறிச் செய்கை பண்ணுவோரின் வீடுகளில் நாய் இல்லாத வீடு அரிது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் இறங்கி உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கிளறாதவாறு காவல் புரிவது நாயேயாகும். நெல் விளைவிப்போருக்கும் அறுவடைக் காலத்தில் களத்துக் காவலுக்கு அது வேண்டும். இவ்வாறு உழைக்கும் பிராணியைப்பற்றிப் பலரும் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. அது மாட்டுச் சாணத்தைத் தின்கின்றது. கோழி எருவைத் தின்கின்றது. வேறு நாய்களின் மலத்தையும் விடுவதில்லை. செத்த எலியைக் கவ்விவந்து அடுப்படி வாசலிற் போடுகின்றது என்பனவே அம்முறைப்பாடு.

இப்பழக்கங்களைத் தடுக்கும் முறைகள் இங்கே கூறப்படுகின்றன. அவற்றை அறியுமுன் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அருவருப்பு வேறு, ஆபத்து வேறு. நாய் சாணத்தில் வாய்வைத்தாற் பிரம்பை எடுக்கின்ற அதே வீட்டார், ஆடு அறுக்கும் நாளில் ஈரலிற் கழித்த துண்டைப் பச்சையாகவே நாய்க்கு அன்போடு எறிகின்றனர். இவ்விரண்டிலும் குடும்பத்துக்கு மிகுந்த கேடு விளைப்பது பின்னையதாகும்.

நிலத்தின் சரிவும் நாயின் கழிவும்

நோட்டன் பிரிட்ஜ், நோர்வூட், பொகவந்தலாவை முதலிய இடங்களிற் காணி சமதரையாக அமைவதில்லை. மேட்டிலே லயம் அல்லது வீடு, அதன் கீழே மாட்டுப்பட்டி, அதற்கும் கீழே லீக்ஸ், கோவா, போஞ்சிப் பாத்திகள், அடியிலே ஓடை என்பதே பெரும்பாலும் காணப்படும் ஒழுங்கு. நோட்டன் பிரிட்ஜ் பகுதி இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை பொழியும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், மேட்டிற் கிடக்கும் கழிவு யாவும் பாத்திகளின் ஊடாக இறங்கிக் கெகல்கமு ஓயாவை நோக்கி ஓடும். வழியிற் பீலித் தண்ணீர் எடுப்போரும் உளர். ஆகவே, மேட்டில் நாய் எதைத் தின்றது, எங்கே மலங்கழித்தது என்பது நாயை வளர்ப்பவரை மட்டும் பற்றிய செய்தியன்று. கீழ்வீட்டாரின் வல்லாரைச் சம்பலையும் அது பற்றியதாகும்.

நாயின் குடலில் வாழும் கொழுக்கிப்புழு இனங்களுள் ஒன்று இலங்கையின் பெயரையே தாங்கி நிற்பது பலருக்குத் தெரியாது. இலங்கையிற் பெறப்பட்ட புனுகுப்பூனை ஒன்றின் குடலிற் கிடைத்த புழுவை ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர் அதற்கு 'அன்கைலொஸ்ரோமா சிலானிக்கம்' எனப் பெயரிட்டார். அப்புழு நாயிலும் வளரும், மனிதனிலும் வளரும். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரித்து, ஏறத்தாழ ஒரு கிழமையில் நோய் உண்டாக்கவல்ல சிறு புழுக்களாகின்றன. அவை வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்தும் வாய்வழியாகவும் உடலினுட் செல்லும். பாத்தியிற் களை பிடுங்குவோர் காலில் ஏதேனும் அணிந்துகொள்ளல் வேண்டும் என நாம் மீண்டும் மீண்டும் கூறுவது இதனாலேயாம்.

நாய் ஏன் மலத்தைத் தின்கின்றது?

இது நாயின் தீயகுணம் அன்று. குட்டி ஈன்ற தாய்நாய், மூன்று கிழமை வரையும் அதற்கு மேலும், குட்டிகளின் மலத்தைத் தானே நக்கித் தின்று படுக்கையைத் துப்புரவாக வைத்திருக்கின்றது. அதனைப் பார்த்து வளரும் குட்டிகளும் சில காலம் அவ்வாறு செய்யும். பெரும்பாலானவை வளர்ந்தபின் விட்டுவிடும், சில விடுவதில்லை.

அமெரிக்காவிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் என்பவரும் துணைவரும் இதனை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் கவனிக்கற்பாலன. நாய்களுள் ஏறத்தாழ 16 வீதமானவை அடிக்கடி மலந்தின்பவையாகக் காணப்பட்டன. அவை பெரிதும் நாடியது இரண்டு நாளுக்குட்பட்ட புதிய மலத்தையே. இதற்கு அவர்கள் ஊகித்துக் கூறும் காரணம் யாதெனில், மலத்திலுள்ள புழுமுட்டைகள் நோய் உண்டாக்கும் நிலையை அடைய இரண்டு நாளுக்கு மேற் செல்லும். நாயின் முன்னோராகிய ஓநாய், தன் குகையருகே விழுந்த மலத்தை அதற்கு முன்னரே தின்று அகற்றி இனத்தைக் காத்தது. அவ்வியல்பு நாயில் எஞ்சி நிற்கின்றது என்பதாம். நாம் அசுத்தம் எனக் காண்பதை நாய் தன் கணக்கிற் சுத்தம் என்றே செய்கின்றது போலும்.

ஆயினும், எல்லா நாயும் இக்காரணம் பற்றியே தின்பதில்லை. பட்டினி கிடக்கும் நாய் கிடைத்ததைத் தின்னும். நாள் முழுதும் குறுகிய சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கும் நாய் வேறு வேலையின்றித் தின்னும். நன்றாகத் தின்றும் மெலிந்து, வெளிறிய நிறத்தில் நெய்ப்பசையுள்ள மலத்தை மிகுதியாகக் கழிக்கும் நாய்க்குக் கணையம் பழுதுபட்டிருத்தல் கூடும். முரசு வெளிறி, மண்ணை நக்கும் நாய்க்குக் கொழுக்கிப்புழுவால் இரத்தம் குன்றியிருத்தல் கூடும். இவ்விரு வகையினையும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். புல்லைக் கடித்துத் தின்பதும், தான் கக்கியதைத் தானே மீண்டும் தின்பதும் நாய்க்கு இயல்பானவை. களைகொல்லி தெளித்த வரம்புப் புல்லைத் தின்னாதிருக்க மட்டும் பார்த்துக்கொள்ளுக.

அடியும் மிளகாய்த்தூளும்

மலத்தருகே நாயைப் பிடித்து அடித்தல், மூக்கை அதில் அழுத்துதல், மலத்தின்மேல் மிளகாய்த்தூள் தூவுதல் என்பன ஊர்வழக்கிலுள்ள வைத்தியங்கள். இவற்றாற் பயனில்லை. அடிக்கு அஞ்சும் நாய் அடுத்தமுறை விரைந்து விழுங்கப் பழகுகின்றது. தான் கழித்ததை ஒளிக்கும்பொருட்டுத் தானே தின்னவும் தலைப்படுகின்றது. இப்பழக்கத்தை மாற்றும் என்று கடைகளில் விற்கப்படும் பதினொரு தயாரிப்புகளைப்பற்றியும் மேற்கூறிய ஆராய்ச்சியில் வினவப்பட்டது. அவற்றாற் பயன்பெற்றோர் நூற்றுக்கு இருவருக்கு மேற்படவில்லை. பணத்தை அதிற் செலவிடல் வேண்டா.

செய்யத்தக்கது எளியது: மலத்தை உடனுக்குடன் அகற்றுவதே. நாய் காலையிற் கழிக்கும் இடத்தை அறிந்து, சூடு ஆறுமுன் மண்வெட்டியால் எடுத்துக் குழியில் இட்டு மண் போடுக. குழி பாத்திகளுக்கும் பீலிக்கும் மேலே அமைதல் ஆகாது. நாய் மலத்தை மரக்கறிக்கு இடும் கூட்டெருவிற் சேர்த்தலும் கூடாது. குழந்தையின் அழுக்குத் துணியையும் நாய் எட்டாதவாறு மூடிய வாளியில் இடுதல் வேண்டும்.

குட்டியாக இருக்கும்போதே "விடு" என்ற சொல்லுக்குப் பணியப் பழக்குதல் நன்று. வாயிற் கவ்வியதை விட்டவுடன் அதனினும் சுவையான துண்டு ஒன்றைக் கையாற் கொடுத்துவர, சில கிழமைகளில் நாய் அச்சொல்லை அறிந்துகொள்ளும். கொடுத்துப் பெறுவதே இதன் இரகசியம். பறித்தால் மறுமுறை ஓடிவிடும். வெளியே கூட்டிச்செல்லும்போது எதையும் விடாது பொறுக்கும் நாய்க்கு வாய்க்கூடு இடலாம். அது சூடுமிதிக்கும் மாட்டுக்கு இடுவதுபோல இறுக்கமாக அன்றி, நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடங்கொடுப்பதாக இருத்தல் வேண்டும்.

பச்சை ஈரலும் நுரையீரலும்

இதுவே இப்பிரசுரத்தின் முதன்மையான பகுதி.

ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் சில வேளைகளில் நீர்க்கட்டிகள் காணப்படும். வெண்மையான தோலுடன், உள்ளே தெளிந்த நீர் நிறைந்து, பட்டாணியளவு முதல் தோடம்பழ அளவுவரை இருக்கும். அறுப்போர் அப்பாகத்தை வெட்டி எறிவர். நாய் காத்திருந்து விழுங்கும். அக்கட்டிகளுட் சில, நாடாப்புழு ஒன்றின் குஞ்சுப் பருவமாகும். ஒரு கட்டியில் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருத்தல் கூடும். நாயின் குடலிற் சேர்ந்ததும் ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் நீளமான புழுவாகி, ஆறு ஏழு கிழமைகளில் முட்டைகளை வெளியிடத் தொடங்கும். நாய்க்கு இதனால் நோய் ஒன்றும் தோன்றாது. கொழுத்து, மயிர் பளபளத்து, வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். கேடு விளைவது பிறர்க்கே.

கண்ணுக்குத் தோன்றாத அம்முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணிற் கலந்தும், அதன் மயிரில் ஒட்டியும், கீரையிலும் லீக்ஸ் மடலிலும் தங்கியும் மனிதரின் வாயை அடைகின்றன. நாயைத் தழுவி விளையாடிய கையைக் கழுவாது உண்ணும் பிள்ளைகளுக்கே இவ்வாபத்து மிகுதி. முட்டை மனிதருட் சென்றால், ஆட்டின் ஈரலிற் போலவே மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். நோவு தோன்றும் காலத்தில் அது முட்டிக்காயளவு ஆகியிருத்தலும் உண்டு. அதனை நீக்கச் சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

இந்நோயை வென்ற நாடுகளின் வரலாறு நமக்குப் படிப்பினையாகும். ஐரோப்பாவின் வடமேற்கே உள்ள ஐஸ்லாந்துத் தீவில் வீடுதோறும் செம்மறியும் நாயும் இருந்தன. நீர்க்கட்டி நோயும் மலிந்திருந்தது. 1863ஆம் ஆண்டில் அங்கே சென்ற ஹரால்ட் கிராபே என்னும் டென்மார்க்கு வைத்தியர் நூறு நாய்களை அறுத்துச் சோதித்தார். 28 நாய்களில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டு, அம்மக்களின் மொழியில், அவர்களுக்கு விளங்கும் நடையில், சிறு பிரசுரம் ஒன்றை எழுதினார். அது வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்கு இடாதீர், எரித்தோ புதைத்தோ விடுவீர் என்பதே அதன் சாரம். பின்னர்ச் சட்டமும் இயற்றப்பட்டது. குளிர் மிகுந்த அத்தீவில் எழுத்தறிந்தோர் மிகப்பலராக இருந்தமை பெரிய உதவியாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அங்கே அற்றுப்போயிற்று. அதற்குச் சிறந்த மருந்து ஒன்றும் அக்காலத்தில் இருக்கவில்லை என்பதை நினைக்க.

நியூசீலந்து 1959ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி, நாய்களுக்கு ஒழுங்காக மருந்து கொடுத்தும், பச்சை உறுப்புக்களை நாய்க்கு இடுவதைத் தடுத்தும் முயன்று, 2002ஆம் ஆண்டிலே தன்னை இந்நோய் நீங்கிய நாடாக அறிவித்தது. அங்கே முதலிற் பயன்பட்ட மருந்து, நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளாகும். இதனைப் படித்துவிட்டு நாய்க்குப் பாக்கை இடித்துக் கொடுக்க எவரும் முற்படுதல் கூடாது. அளவு தவறினால் நாய் இறக்கும். இக்காலத்தில் அதனினும் நல்ல மருந்துகள் உள.

ஆகவே, தீபாவளிக்கோ கோயிற் பொங்கலுக்கோ ஆடு அறுக்கும் இடத்தில் முதலில் நாய்களைக் கட்டிவிடுக. கட்டியுள்ள உறுப்பை எரித்துவிடல் நன்று. எரிக்க இயலாவிடில், நாய் தோண்டாத ஆழத்திற் புதைத்து மேலே பாரமான கற்களை வைக்குக. மழைக்காலத்தில் மேலோட்டமாகப் புதைத்தது மறுநாளே வெளிப்பட்டுவிடும். நாய்க்கு ஈரலோ நுரையீரலோ கொடுக்க விரும்பினால், சிறு துண்டுகளாக வெட்டி, நீர் கொதிக்கத் தொடங்கிய பின் நாற்பது நிமிடம் அவித்தே கொடுத்தல் வேண்டும். ஆட்டின் தலையையும் பச்சையாக இடலாகாது. மூளையிலுள்ள வேறொரு கட்டி நாயில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை புல்லோடு ஆட்டுக்குட் சென்று, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வீழும் நோயை உண்டாக்கும்.

மாட்டுப்பட்டியில்

பசு கன்று ஈன்றதும் விழும் இளங்கொடியை நாய் இழுத்துச் செல்வதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பசுக்களிற் கருச்சிதைவை உண்டாக்கும் 'நியோஸ்போரா' என்னும் நுண்ணுயிர், நாயின் குடலிற் பெருகி மலத்தோடு வெளிவருகின்றது என்பது 1998ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நோயுற்ற பசுவின் இளங்கொடியையோ சிதைந்த கருவையோ தின்ற நாய், பின்னர்ப் புற்கட்டின்மேல் மலங்கழித்தால், அப்புல்லைத் தின்னும் பசு நோயைப் பெறும். ஐந்து ஆறு மாதச் சினையில் பசு காரணமின்றிக் கரு இழந்தால் இதனையும் ஐயுறல் வேண்டும். ஒரு பசுவின் பாலை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு கன்றின் இழப்பு சிறிதன்று. இளங்கொடியை உடனே ஆழப் புதைக்குக; புல் வைக்கும் பரணில் நாய் படுக்க இடங்கொடாதிருக்குக. கருச்சிதைவுக்கு வேறு காரணங்களும் உளவாதலால், சிதைந்த கருவை வெறுங்கையாற் தொடாது மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

எருக்குவியலும் நஞ்சும்

மலைநாட்டு மரக்கறிக்குக் கோழி எரு மிகுதியாக இடப்படுகின்றது. அதில் இறந்த குஞ்சுகளும் சிந்திய தீனியும் கலந்திருத்தலால் நாய் அதனை நாடும். மூட்டைகளைத் திறந்தபடி வரம்பில் வைக்காமல், குவித்து, ஈரமாக்கி, மூடி, உட்சூடு எழுந்து தணியும்வரை மக்கவிட்டு, இடையிடையே புரட்டிய பின்னரே பாத்தியில் இடுதல் பயிருக்கும் நன்று, நாய்க்கும் நன்று. எலும்புத்தூளும் மீன் கழிவும் இட்ட பாத்தியை நாய் தோண்டி நாற்றுக்களை அழிக்கும். அவற்றை மேலே தூவாது மண்ணோடு நன்கு கொத்திக் கலந்து, சில நாட்களுக்கு முட்கிளைகளால் மூடிவைத்தல் போதும்.

நெற்களஞ்சியத்தில் வைக்கும் எலிநஞ்சும், பாத்தியில் இடும் நத்தைக்கொல்லி உருண்டைகளும் நாய்க்குத் தீனிபோல மணக்கும். மெட்டல்டிஹைட் சேர்ந்த நத்தைக்கொல்லியைத் தின்ற நாய் சில மணிநேரத்துக்குள் நடுங்கி வலிப்புறும். இரத்தம் உறையாது தடுக்கும் எலிநஞ்சோ சில நாட் கழித்தே மூக்கிலும் முரசிலும் இரத்தமாகத் தோன்றும்; நஞ்சுண்டு செத்த எலியைத் தின்றாலும் அவ்வாறாதல் உண்டு. உப்புநீர் ஊற்றுதல், எண்ணெய் பருக்குதல் ஆகியவற்றைச் செய்யாது, நஞ்சின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் விரைதல் வேண்டும். எலிநஞ்சை நாயின் தலை நுழையாத சிறு துளையுள்ள பெட்டியிலோ குழாயிலோ வைக்குக. செத்த எலிகளைக் காலைதோறும் தேடிப் புதைக்குக.

நாய்க்குரிய தீனி

மிஞ்சிய சோறும் தேங்காய்ப்பூவும் மட்டும் உண்ணும் நாய் காவலும் செய்யாது, குப்பையையும் விடாது. நாளுக்கு இருமுறை, குறித்த வேளையில், சோற்றோடு அவித்த பருப்பு, உப்பு நீங்கக் கழுவி அவித்த கருவாடு, முட்டை, அவித்த இறைச்சிக் கழிவு ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்குக. அவித்த கோழியெலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்குமாதலால் விலக்குக. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகிய மூன்றும் நாயின் இரத்தச் செங்கலங்களை அழிப்பன. லீக்ஸ் விளையும் ஊரில் மிஞ்சிய லீக்ஸ் கறியைச் சோற்றிற் பிசைந்து நாய்க்கு இடுவது வழக்கமாதலின் இதனைத் தனித்துக் கூறுகின்றோம். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் முளைகளும் ஆகா.

முட்டை திருடும் நாய்க்கு, கோழி கேறியவுடன் முட்டையை எடுத்துவிடுவதன்றி வேறு வழி கண்டிலோம்.

புழுமருந்து

குட்டிகள் வட்டப்புழுவைத் தாயின் வயிற்றிலேயே பெற்றுப் பிறக்கின்றன. அப்புழுவின் முட்டை பிள்ளைகளின் வயிற்றுட் சென்றால் சில வேளை கண்ணைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கும். ஆகவே குட்டிக்கு இரண்டாம் கிழமையில் முதன் மருந்தும், பின் மூன்று மாதம் ஆகும்வரை இரு கிழமைக்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுத்தல் வேண்டும். தாய்நாய்க்கும் உடன் கொடுக்குக.

வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் கொடுக்கும் மருந்துகள் பல நாடாப்புழுவைக் கொல்வதில்லை. நாய் பச்சை உறுப்பையோ செத்த பிராணியையோ தின்றதுண்டாயின் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுக. அவர் பிரசிகுவாண்டல் சேர்ந்த மருந்தை நாயின் நிறைக்கேற்பத் தருவார். அம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. மருந்து கொடுத்து இரண்டு நாளுக்கு நாயைக் கட்டிவைத்து, அது கழிக்கும் மலம் முழுவதையும் எரித்தோ ஆழப் புதைத்தோ விடல் வேண்டும். கீரையையும் வல்லாரையையும் ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுக; ஐயமுள்ள இடத்தவற்றைச் சமைத்தே உண்ணுக.

நாய் திடீரெனக் கண்டதையும் கடித்தால்

இதுவரை கூறியவை நாள்தோறும் காணும் பழக்கங்கள். இவற்றினின்றும் வேறான ஒன்றுண்டு. முன்பு அவ்வாறு செய்யாத நாய் திடீரென மரக்கட்டை, கல், மண், துணி முதலியவற்றைக் கடித்து விழுங்கத் தொடங்கி, குரல் மாறி, எச்சில் ஒழுக்கி, வீட்டாரையும் அறியாது திரிந்தால், அது விசர்நோயாக இருத்தல் கூடும். தொண்டையில் எலும்பு சிக்கியது என எண்ணி வாயிற் கையிடுதல் பெரும்பிழை. நாயை அடைத்துவைக்க இயலுமாயின் கடிபடாது அடைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ உடனே அறிவிக்குக. கடிபட்டவரும், காயத்தில் எச்சில் பட்டவரும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோயின் குறிகள் மனிதரில் தோன்றிய பின்னர்க் காப்பாற்றுதல் அரிதினும் அரிது. விசர்நோய்த் தடுப்பூசி நாய்களுக்கு அரசாங்கத்தால் இலவசமாக ஏற்றப்படுகின்றது. ஆண்டுதோறும் ஏற்றுவித்து, அதற்குரிய அட்டையை வீட்டிற் பேணி வைக்குக.